ஆய்வுக்கு வந்தவர் "அம்மாவிடம் தனியாகப் பேசணும்" என்றார், நான் அனுப்பிவிட்டேன். செய்தது சரியா?

வாகைமரம் (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

எல்லாருக்கும் வணக்கம். போன செவ்வாய்க்கிழமையிலிருந்து மனசு உறுத்துகிறது, அதனால் இங்கே போடுகிறேன்.

மாலை நாலரை மணி இருக்கும். கேட்டுக்கு வெளியே இரண்டு பெண்கள், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். ஒருவர் ஜுலுப் பெண், இன்னொருவர் நம்மவர். அரசுப் பணத்தில் நாடு முழுக்க நடக்கும் குடும்ப நல ஆய்வு, உங்கள் வீடு தேர்வாகியிருக்கிறது என்றார்கள். சரி, கேளுங்கள் என்றேன். வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, மாதம் எவ்வளவு செலவு என்று கேட்டார்கள். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்புறம் அந்த டேப்லெட் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தது. அம்மாவின் பெயர். வயது 71. "அம்மாவிடம் தனியாகப் பேசணும், முக்கால் மணி நேரம் ஆகும், பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது" என்றார் நம்மவர்.

ஏன் தனியாக என்று கேட்டேன். உடம்பு, மனசு, குடும்ப வாழ்க்கை பற்றிய கேள்விகள் என்றார். அம்மா சம்மதித்தால் ரத்த அழுத்தம் பார்த்து, விரல் நுனியிலிருந்து சில சொட்டு ரத்தமும் எடுப்பார்களாம். எனக்கு ஏதோ போல் ஆகிவிட்டது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அம்மா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே வந்ததும் யாரென்று கேட்டார், சொன்னேன். "என்னைத்தானே கேட்க வந்தாங்க?" என்றார். அவ்வளவுதான். ரொட்டி போட்டுக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

தமிழ்ப் பள்ளியில் முப்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அம்மா. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் செய்தது சரியா?

---

டோங்காட்காரன்

தம்பி, நீங்கள் செய்தது சரிதான். இந்தக் காலத்தில் அடையாள அட்டை அச்சடிப்பது பெரிய வேலையா? 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் தெரியாதவர் யாருக்கும் கேட் திறப்பதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். என் அப்பா டர்பனில் உள்ள கேட்டோ மேனர் என்ற பகுதியில் வளர்ந்தவர். ஒரு நாள் யாரோ வந்து எத்தனை அறை, எத்தனை பேர், யாருக்குச் சொந்தம் என்று எழுதிக்கொண்டு போனார்களாம். பாட்டி டீ போட்டுக் கொடுத்து எல்லாம் சொல்லியிருக்கிறார். அடுத்து வந்தது வெளியேறச் சொல்லும் கடிதம். எந்த இனத்தவர் எந்த இடத்தில் வாழலாம் என்று 1950இல் போட்ட குழுப் பகுதிச் சட்டம் அப்படித்தான் எங்கள் வாசலுக்கு வந்தது. எண்ணிக்கொண்டு போனவர்கள் நம்மை எண்ணியது நமக்காக இல்லை. இன்று ஆய்வு ஆய்வு என்கிறார்களே, மனித அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், அதுவே 1968இல் அந்த நிறவெறி ஆட்சி போட்ட சட்டத்தில் பிறந்ததுதான். சாகும்வரை அப்பா எந்தப் படிவத்தையும் இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

அம்மாவைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டிய கேள்வி என்ன இருக்கிறது? மகன் முன்னால் கேட்க முடியாததை அந்நியர் ஏன் கேட்க வேண்டும்?

---

மெரிபேங்க் மல்லிகை

வணக்கம் வாகைமரம் தம்பி, வணக்கம் ஐயா. நான் பதினோரு வருஷம் இந்த வேலை செய்தவள். வீடு வீடாகப் போய்க் கேட்கும் வேலை. எந்த நிறுவனம் என்று சொல்லமாட்டேன், இங்கே வரும் சிலர் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஐயா கேட்ட கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் முன்னால் கேட்க முடியாத கேள்வி நிறைய இருக்கிறது ஐயா. கணவன் முன்னால் கேட்க முடியாதது அதைவிட நிறைய.

பீனிக்ஸில் ஒரு வீடு. வெராண்டாவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். உள்ளே ஹாலில் வீட்டுக்காரர் கிரிக்கெட் பார்க்கிறார், சத்தம் வெளியே வரைக்கும் கேட்கிறது. தூக்கம், பசி, முழங்கால் வலி எல்லாம் கேட்டு முடித்து அடுத்த பகுதிக்கு வந்தேன். அங்கே "உங்களுக்குக் கொடுமை நடந்திருக்கிறதா" என்று கேட்கவே மாட்டோம். அப்படிக் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் கொடுமை என்பது பேப்பரில் வருவது, தன் வீட்டில் நடப்பது வேறு ஏதோ. அதனால் கேள்வி நேராக இருக்கும். அறைந்திருக்கிறாரா? காயப்படும்படி எதையாவது உங்கள் மேல் எறிந்திருக்கிறாரா? பிடித்துத் தள்ளியிருக்கிறாரா? முடியைப் பிடித்து இழுத்திருக்கிறாரா? கழுத்தை நெரித்திருக்கிறாரா? ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், முகத்தைப் பார்த்து, குரல் மாறாமல்.

முதல் கேள்விக்கு இல்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதில் அந்த அம்மா தன் புடவை முந்தானையை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தார். அப்போது உள்ளே டிவி சத்தம் நின்றது. வீட்டுக்காரர் வாசலுக்கு வருகிறார். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி நான் உடனே திரையைச் சாப்பாட்டுப் பக்கத்துக்கு மாற்றினேன். "போன வாரம் எத்தனை நாள் கீரை சாப்பிட்டீங்கம்மா?" அந்த அம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "இரண்டு நாள், ஒரு நாள் மதும்பி இலை" என்றார், நம் சேம்பு மாதிரி கிழங்குச் செடி அது. வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, இவளுக்கு மதும்பி என்றால் உயிர் என்று சொல்லி உள்ளே போனார். டிவி சத்தம் மறுபடியும் வந்தது. அந்த அம்மா முந்தானையை விட்டுவிட்டு, "மூணாவது கேள்விக்கு ஆமாம்னு போடுங்க" என்றார்.

அந்தத் திரை மாற்றும் வழி என் சொந்த யோசனை இல்லை. பெண்கள் மீதான வன்முறை பற்றிய ஆய்வை எப்படிச் செய்வது என்று உலக சுகாதார நிறுவனம் 2001இல் வழிமுறை வெளியிட்டது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேள், தனியாகக் கேள், யாராவது வந்தால் பேச்சை மாற்று, வெளியே ஆய்வின் பெயரைப் பொதுவாகச் சொல். உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் "குடும்ப நலம்" என்று சொன்னதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம் தம்பி. ஏமாற்றவா என்று கேட்டால் இல்லை. தனியாக உட்கார்ந்ததும் முதல் வேலையே எதைப் பற்றிக் கேட்கப் போகிறோம் என்று அந்தப் பெண்ணிடம் முழுசாகச் சொல்வதுதான். பிடிக்காத கேள்வியைத் தாண்டலாம், நடுவில் எழுந்து போகலாம், அதையும் சொல்லியே ஆக வேண்டும். வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத்தான் அந்தத் தலைப்பு போகக் கூடாது. போனால் நாங்கள் கிளம்பிய பிறகு அவளுக்கு என்ன நடக்கும்?

உங்கள் அம்மாவுக்கு அப்படி ஏதாவது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 71 வயதில் ஒருவருக்குத் தூக்கம் வருகிறதா, தனிமையாக இருக்கிறதா, வாழ்க்கை பாரமாகத் தெரிகிறதா என்பவையும் தனியாகக் கேட்க வேண்டியவைதான். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எந்த அம்மா தனிமையாக இருக்கிறது என்று சொல்வார்?

---

எண்ணும் எழுத்தும் (டர்பன்)

மல்லிகை அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் புள்ளியியல் படிக்கிற மாணவி. கேட் மூடினால் கணக்கில் என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

2012இல் நாடு தழுவிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வு நடந்தது, சான்ஹேன்ஸ் என்பார்கள். டோங்காட் ஐயா சொன்ன அதே மனித அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் நடத்தியதுதான். தகுதியானவர்கள் 27,580 பேர். கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்கள் 25,532. உடல் பரிசோதனைக்கு வந்தவர்கள் 12,025. ரத்தம் கொடுத்தவர்கள் 8,078. அதாவது வாயால் பத்தில் ஒன்பது பேர் பதில் சொன்னார்கள், ரத்தம் கொடுக்கக் கையை நீட்டியவர்கள் பத்தில் மூன்று பேர்கூட இல்லை. ரத்தம் கொடுத்தவர்களை வைத்துத்தான் நாட்டில் யாருக்கெல்லாம் சர்க்கரை நோய் என்று கணக்கிட வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்ததிலேயே இந்திய வம்சாவளியினரிடம்தான் மற்ற எல்லாரையும்விட அதிகம்.

நாம் நாட்டு மக்கள்தொகையில் 2022 கணக்கெடுப்பின்படி 2.7 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்தால் அதில் நம்மவர் இருபத்தேழு பேர். இருபத்தேழு பேரை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் எச்ஐவி ஆய்வு போன்றவற்றில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் போன்ற நம்மவர் அதிகம் வாழும் பகுதிகளிலிருந்து விகிதத்தைவிடக் கூடுதலாக வீடுகளை எடுக்கிறார்கள். வாகைமரம் அண்ணா, நீங்கள் திருப்பி அனுப்பியதை ஒரு வீடு என்று நினைக்காதீர்கள். அந்த வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டைச் சேர்க்கவும் முடியாது. கதவைத் திறப்பவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால், மூடியவர்களின் வாழ்க்கை கணக்கில் வராமலே போய்விடும்.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதேதான். நாடு முழுக்க 31 சதவீதம் பேர் விடுபட்டார்கள். எல்லாப் பிரிவுகளிலும் இந்திய வம்சாவளியினரிடம்தான் விடுபட்ட விகிதம் மிக அதிகம். நாம் உயர்ந்த மதிலும் மின்சாரக் கேட்டும் கட்டிக்கொண்டு, அரசு நம்மைப் பார்ப்பதில்லை என்று வருத்தப்படுகிறோம். எனக்கு இது தாங்கவே இல்லை.

---

லேனாசியா வாசி

எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. ஆனால் யாராவது நேராகச் சொல்லுங்கள். வரிப்பணத்தில் இவ்வளவு ஆய்வு செய்து என்ன வந்தது? அறிக்கை வருகிறது, அமைச்சர் ஒரு மேடையில் பேசுகிறார், முடிந்தது. எங்கள் பகுதியில் ஒரு தடவை வந்து பிள்ளைகளின் உயரம் எடை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று எங்களுக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கேட்கும்போது முக்கால் மணி நேரம் உட்காருகிறவர்கள், பதில் சொல்ல ஒரு பத்து நிமிடம் வரக் கூடாதா?

---

மெரிபேங்க் மல்லிகை

லேனாசியா தம்பி, உங்கள் கோபம் நியாயம்தான். முடிவைத் திரும்பக் கொண்டுபோய்ச் சொல்ல எங்கள் திட்டங்களில் பணமே ஒதுக்கமாட்டார்கள். நான் போன வீடுகளில் பாதிப் பேர் கேட்டது அதுதான்: "எப்போ சொல்வீங்க?" நான் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஒரு கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டுச் சொல்லலாம். லோட்டஸ் எஃப்எம் வானொலியில் அரை மணி நேரம் பேசினால் பாதி ஊர் கேட்டுவிடும். செய்வதில்லை.

ஆனால் ஒன்றுமே வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன். 2002க்கு முன்னால் நாட்டில் எத்தனை பேருக்கு எச்ஐவி என்ற கணக்கு, அரசு கிளினிக்குக்கு வந்த கர்ப்பிணிகளின் ரத்தத்தை வைத்துத்தான் போடப்பட்டது. 1990இலிருந்து அப்படித்தான். ஆண்கள் எங்கே? கிழவிகள் எங்கே? தனியார் டாக்டரிடம் போகும் நம் பெண்கள் எங்கே? 2002இல்தான் முதல் தடவையாக நாடு முழுக்க வீடு வீடாகப் போனார்கள். நூற்றுக்கு 11.4 பேர் என்று வந்தது. மேலே இருந்தவர்கள் அந்த நோயையே சந்தேகப்பட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் யாரும் மறுக்க முடியாத ஒரு எண் கிடைத்தது. அதே ஆய்வு 2022இல் ஆறாவது முறையாக நடந்தது, 12.7 சதவீதம், 78 லட்சம் பேர் என்று சொன்னது. எண் ஏறியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், மருந்து கிடைத்து உயிரோடு இருப்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

---

இரவுப்பணி (டர்பன்)

நான் மதுரையிலிருந்து வந்து இங்கே நர்ஸாக வேலை பார்க்கிறேன், ஒன்பது வருஷம் ஆச்சு. நேற்று ட்யூட்டி முடித்து வந்து இந்த இழையை முழுசாகப் படித்தேன்.

எங்கள் வார்டில் கால் விரல் எடுக்க வருகிறவர்களில் நம் ஆயாக்களை, வயதான பாட்டிகளை, நிறையப் பார்க்கிறேன். "சுகர் எப்போ வந்துச்சு ஆயா?" என்றால் "அது ரொம்ப நாளா இருக்கு கண்ணு" என்பார்கள். மாத்திரை? வாங்கி வைத்திருப்பார்கள். சாப்பிட்டார்களா? பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு, மகனுக்குச் சாப்பாடு கட்டிய பிறகு, மருமகள் வேலைக்குப் போன பிறகு ஞாபகம் வந்தால் சாப்பிட்டிருப்பார்கள். 2016இல் இந்த நாட்டில் பெண்களின் இயற்கை மரணங்களுக்குச் சர்க்கரை நோய்தான் முதல் காரணம் என்று புள்ளிவிவரத் துறை சொன்னது. அதைச் சும்மா சர்க்கரை நோய் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார், யார் கடைசியில் டாக்டரிடம் போகிறார் என்பதும் அந்த நோயில் பாதி. ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது. அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டால்தான் தெரியும்.

சாட்ஸ்வொர்த்தில் சுகர் என்றால் ஒன்று, சுகர்ஸ் என்றால் இன்னொன்று, அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஹெராயின் கலந்த அந்தப் பொடிக்குப் பேரன் அடிமையான வீட்டில், ஆயாவின் பென்ஷன் பணம் எங்கே போகிறது என்று எந்த மருத்துவப் படிவத்தில் இருக்கிறது? ஒரு ஆயாவுக்கு மாதாமாதம் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது. மாத்திரை அளவைக் கூட்டிக்கொண்டே போனோம். கடைசியில் தெரிந்தது, பேரன் பணத்தைப் பிடுங்கிக்கொள்வதால் பாதி நாள் வெறும் ரொட்டியும் சர்க்கரை போட்ட டீயும்தான் சாப்பாடு. இதை அவர் என்னிடம் சொன்னது, மகன் கார் நிறுத்தப் போன ஐந்து நிமிடத்தில்.

இன்னொரு விஷயம். நான் முன்னால் வேலை பார்த்த ஒரு கிளினிக்கில், பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனையில் வன்முறை பற்றிய கேள்வி ஒன்று இருந்தது. கூட வந்த கணவர் பக்கத்தில் நிற்க, சகநர்ஸ் அதை வாசிப்பார், அந்தப் பெண் "நோ" என்பார், கட்டத்தில் டிக் விழும். ஒரு நாளைக்கு முப்பது டிக். நான் ஒரு தடவை கணவரை வெளியே உட்காரச் சொன்னேன், மேலே இருந்தவர் என்னைக் கூப்பிட்டு நேரமாகிறது என்று கண்டித்தார். அந்த முப்பது "நோ"வும் எங்கேயோ ஒரு அறிக்கையில் போய்ச் சேர்ந்திருக்கும், எங்கள் பகுதியில் பிரச்சினை இல்லை என்று.

---

எண்ணும் எழுத்தும்

இரவுப்பணி அக்கா, அந்த முப்பது "நோ" பற்றித்தான் எங்கள் வகுப்பில் ஒரு வாரம் பேசினோம். 2016 மக்கள்தொகை, சுகாதார ஆய்வில், கணவனோ துணைவனோ உடலளவில் தாக்கியதாகச் சொன்ன பெண்கள் 21 சதவீதம். 2022இல் நடந்து 2024 நவம்பரில் வெளியான பாலின வன்முறை ஆய்வில் 35.5 சதவீதம். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது துணைவர் செய்த உடல் தாக்குதல் மட்டும். இரண்டாவதில் யார் செய்திருந்தாலும் சேரும், பாலியல் வன்முறையும் சேரும். அதனால் "ஆறு வருஷத்தில் இவ்வளவு கூடிவிட்டது" என்று வாட்ஸப்பில் சுற்றுகிறவர்களை நம்பாதீர்கள். என்ன கேட்டார்கள், யாரைப் பற்றிக் கேட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

கேட்கவே முடியாதவர்கள் பற்றியும் ஒரு ஆய்வு இருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ரேச்சல் ஜூக்ஸ், நயீமா ஆபிரஹாம்ஸ் போன்றவர்கள் பிணவறைப் பதிவேடுகளையும் போலீஸ் கோப்புகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கொல்லப்பட்ட பெண்களில் எத்தனை பேரைத் துணைவனே கொன்றான் என்று எண்ணினார்கள். 1999இல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு பெண். 2009இல் எட்டு மணி நேரத்துக்கு ஒருவர். போலீஸ் குற்றப் புள்ளிவிவரத்தில் கொலை என்று மட்டும்தான் இருந்தது, கொன்றவன் அவளுக்கு யார் என்று இல்லை. லேனாசியா அண்ணா, என்ன வந்தது என்று கேட்டீர்களே, இது வந்தது. ஒரு பெயர் வந்தது அந்தச் சாவுகளுக்கு.

---

டோங்காட்காரன்

எல்லாம் படித்தேன். எண்கள் பெரியவைதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் குடும்பங்களில் இப்படி நடக்கிறது என்று வெளியே போனால், நம் சமூகத்துக்கு என்ன பெயர் வரும்? ஏற்கெனவே நம்மைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவா?

---

உம்கெனி ஆறு

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

டோங்காட் ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். எனக்கு இருபத்துமூன்று வருஷம் நடந்தது. மாமியாருக்குத் தெரியும், கொழுந்தனுக்குத் தெரியும், கஞ்சி பூஜைக்கு வரும் அக்கம்பக்கத்து அக்காக்களுக்கும் தெரியும். கண்ணுக்குக் கீழே மஞ்சள் பூசிக்கொண்டு காவடிக்குப் போயிருக்கிறேன். யாரும் கேட்டதில்லை. தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை.

முதன்முதலில் என்னைக் கேட்டது ஒரு அந்நியர். சர்வே என்று வந்த பெண், என் மகளைவிடச் சின்ன வயது. அவர் அறைந்தாரா என்று கேட்டபோது, நானே எதிர்பார்க்காமல் "எப்போ, இந்த வாரமா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண்ணின் கை டேப்லெட் மேல் அப்படியே நின்றது. பிறகு கேள்வியை எழுதியிருந்தபடியே இன்னொரு தடவை மெதுவாக வாசித்தார். நான் பதில் சொன்னேன், எல்லாவற்றுக்கும். அழவில்லை. போகும்போது உதவி எண்கள் இருந்த ஒரு சின்னத் தாளை மடித்துக் கொடுத்தார். பாலின வன்முறைக்கான உதவி எண் 0800 428 428 அதிலேதான் இருந்தது. அந்தத் தாளை அரிசி டின்னுக்குள் ஏழு மாதம் வைத்திருந்தேன். ஏழு மாதம் கழித்துக் கூப்பிட்டேன். 1998ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் நீதிமன்றத்திலிருந்து பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம் என்று அங்கேதான் சொன்னார்கள். வாங்கினேன். இப்போது மகளோடு இருக்கிறேன்.

சமூகத்தின் பெயரைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த இருபத்துமூன்று வருஷமும் நல்ல பெயராகத்தான் இருந்தது ஐயா.

---

மெரிபேங்க் மல்லிகை

உம்கெனி, தங்கச்சி, நீங்கள் இதை எழுதியதற்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. எந்த வீட்டிலும் நான் கொடுத்த தாள் என்ன ஆனது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. இன்றுதான் ஒரு தாள் என்ன ஆனது என்று கேட்கிறேன்.

---

டோங்காட்காரன்

அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள். நான் கேட்டிருக்கக் கூடாது.

கேட்டோ மேனரில் பட்டதை நான் மறக்கமாட்டேன், மறக்கவும் முடியாது. யார் எண்ணுகிறார்கள், எதற்கு எண்ணுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். அது வேறு. ஒரு பெண்ணிடம் யாரும் கேட்காமலே இருப்பது வேறு. மல்லிகை அம்மா, வருகிறவர் உண்மையான ஆய்வாளரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதைச் சொல்லுங்கள், எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் போடுகிறேன்.

---

மெரிபேங்க் மல்லிகை

நல்ல கேள்வி ஐயா. அட்டையில் படமும் பெயரும் இருக்கும். கையில் ஒரு தகவல் தாள் கொண்டுவருவார்கள், அதில் ஆய்வின் பெயர், யார் நடத்துகிறார்கள், எந்த நெறிக்குழு அனுமதி கொடுத்தது, அந்த அனுமதி எண், தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். அவர்கள் கொடுத்த எண்ணைக் கூப்பிடாமல், நிறுவனத்தின் பொது எண்ணை நீங்களே தேடிக் கூப்பிட்டுக் கேளுங்கள். உண்மையானவர் அதுவரை வெளியே காத்திருப்பார், கோபப்படமாட்டார். வங்கி எண், பின் நம்பர், வீட்டில் நகை எங்கே என்று எந்த ஆய்வாளரும் கேட்கமாட்டார். அவசரப்படுத்தினால் கேட்டை மூடிவிடுங்கள். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமும் இப்போது இருக்கிறது. உங்கள் பெயர் பதிலோடு சேர்ந்து வெளியே போகக் கூடாது, ரத்தம் தடவிய அட்டையில்கூடப் பட்டைக்கோடு (பார்கோடு) மட்டும்தான் இருக்கும்.

ஒரு குறை எனக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கேள்வித்தாள் நாட்டின் ஆட்சிமொழிகளில்தான் இருக்கும். நம் அரசியல் சட்டத்தின் ஆறாவது பிரிவில், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகள் பட்டியலில் தமிழின் பெயர் எழுதியிருக்கிறது. ஆனால் தமிழில் ஒரு கேள்வித்தாளை என் கையில் யாரும் கொடுத்ததில்லை. மனச்சோர்வைப் பார்க்கப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு, அதில் ஒன்று, போன வாரம் "கிளம்பவே முடியாத மாதிரி" இருந்ததா என்பது. அதை ஆங்கிலத்தில் வாசித்தால், வயதான ஆயாக்கள் தங்கள் முழங்காலைக் காட்டி, பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்க முடியவில்லை என்பார்கள். நானாக மொழிபெயர்க்க அனுமதி இல்லை. எழுதியிருப்பதை எழுதியபடி வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கேள்வி கேட்டதாகிவிடும். அந்த விதி சரிதான். ஆனால் அதே ஆயா டேப்லெட்டை மூடிய பிறகு, "மனசே எழும்ப மாட்டேங்குது கண்ணு" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கேள்விக்கான பதில் அதுதான். அதைப் போட ஒரு கட்டம் இல்லை.

---

வாகைமரம்

பத்து நாளாக இங்கே வந்து படித்துக்கொண்டுதான் இருந்தேன், எழுதத் தைரியம் இல்லை. உம்கெனி அக்கா, உங்கள் பதிவை நான்கு தடவை படித்தேன்.

அந்தப் பெண்கள் அன்றைக்குக் கேட்டில் செருகிவிட்டுப் போன தகவல் தாள் இருந்தது. மல்லிகை அக்கா சொன்னபடி பொது எண்ணைத் தேடிக் கூப்பிட்டேன். உண்மையான ஆய்வுதான். எங்கள் வீட்டுக்குப் பதில் வேறு வீடு எடுக்கவில்லையாம், மறுபடியும் வருவதாகத்தான் இருந்தார்களாம். முதலில் அம்மாவிடம் கேட்டேன், உங்களுக்குச் சம்மதமா என்று. "நான் எப்போ வேண்டாம்னு சொன்னேன்?" என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். அம்மா முன்னறையில் உட்கார வைத்து, பிஸ்கெட் தட்டு வைத்து, கதவைச் சாத்திக்கொண்டார். நான் மனைவியையும் பிள்ளைகளையும் கடைக்கு அனுப்பிவிட்டுப் பின்பக்கம் போய் மதும்பிப் பாத்தியில் களை பிடுங்கினேன். ஒரு தடவை அம்மா சிரிப்பது கேட்டது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பதினொன்றே காலுக்குத்தான் கதவு திறந்தது. ரத்த அழுத்தம் 168க்கு 94, கிளினிக்கில் காட்டச் சொல்லிச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்குத் தெரியவே தெரியாது. திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.

என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டார்: "அவங்க மறுபடி எப்போ வருவாங்க?"

மல்லிகை அக்கா, மறுபடியும் வருவார்களா?

---

மெரிபேங்க் மல்லிகை

இந்த மாதிரி ஆய்வில் ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் தம்பி. 2008இலிருந்து 2017 வரை தேசிய வருமான ஆய்வு என்று ஒன்று நடந்தது. அதில் அதே ஆட்களிடம் ஐந்து தடவை போனார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தது அப்படி இல்லை.

நான் மெரிபேங்கில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு வேலை இல்லை. அம்மாவுக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு எனக்குத் தனிமடல் போடுங்கள், வருகிறேன். டேப்லெட் எல்லாம் இல்லை. நீங்கள் அப்போதும் பாத்தியில் களை பிடுங்கப் போக வேண்டியிருக்கும்.